ஆரத்திக்கு ஐந்து மணி

பக்கம் பக்கமாகத் திட்டம் எழுதுகிறவர்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். நானும் ஒரு காலத்தில் எழுதித் தொலைத்தவள், அதனால்தான்.

திருவெறும்பூர்ப் பக்கம் ஒரு கம்பெனியில் பிளானிங் செக்‌ஷனில் சேர்ந்த புதிது. தங்கை கவிதாவுக்கு ஸ்ரீரங்கத்தில் கல்யாணம். யார் எத்தனை மணிக்கு எங்கே நிற்க வேண்டும் என்பதுவரை எழுதி, வீட்டில் எல்லோருக்கும் கொடுத்தேன். (நாகஸ்வரக்காரர் டீ குடிக்கும் நேரம் உட்பட. சிரிக்காதீர்கள்.)

மாமா புரட்டிப் பார்த்தார். "மூச்சு விடறதுக்கு எத்தனை மணிக்கும்மா போட்டிருக்க?"

"கிண்டல் வேண்டாம் மாமா. இதுல இல்லாததை யாராவது செஞ்சீங்க, கெட்ட கோபம் வரும்!"

மாப்பிள்ளை வீட்டார் உப்பிலியபுரத்திலிருந்து வேனில் வந்தார்கள். கொள்ளிடம் பாலத்தில் நெரிசல் இருக்கும் என்று கணக்குப் போட்டு, வாசலில் ஆரத்தி ஐந்து மணி என்று எழுதியிருந்தேன். அன்றைக்குப் பார்த்துப் பாலம் காலி. நாலரைக்கே வந்துவிட்டார்கள். ஆரத்தி எடுக்காமல் மாப்பிள்ளை உள்ளே வர முடியாது. சித்திரை வெயிலில் மாலையும் கழுத்துமாக நிற்கிறார்.

நான் சமையற்கட்டில் முந்திரிப்பருப்புக்காகச் சண்டை போட்டுக்கொண்டிருந்தேன். விஷயம் தெரிந்து ஓடிவந்தால், சித்தி ஆரத்தித் தட்டோடு அசையாமல் உட்கார்ந்திருக்கிறாள். நாகஸ்வரக்காரர் டீயை ஊதிக்கொண்டிருக்கிறார்.

"எந்திரிங்க சித்தி!"

"அஞ்சு மணின்னு போட்டிருக்கியேடி. முன்னாடியே எந்திரிச்சா நீதானே கத்துவ?"

வாசலில் மாப்பிள்ளையின் அத்தை பொரிந்தார். "பொண்ணு வீட்டுல ஆளே இல்ல போலிருக்கு. ஏறுங்கப்பா வண்டில, போவோம்!"

அவரே முதலில் ஏறி உட்கார்ந்தார். அடுத்து என்ன செய்வதென்று திட்டத்தைப் புரட்டினேன். (ஆமாம், புரட்டினேன். மடச்சி.)

அதற்குள் கவிதா பாதிப் பின்னலோடு மாடியிலிருந்து இறங்கி வந்தாள். சித்தி கையிலிருந்து தட்டைப் பிடுங்கி, கட்டிக்கொள்ளப் போகிறவருக்குத் தானே ஆரத்தி சுற்றினாள். எந்த ஊரில் கல்யாணப்பெண்ணே ஆரத்தி எடுப்பாள்? சுற்றிவிட்டு வேனைப் பார்த்துச் சொன்னாள்.

"எங்கக்கா பிளான்படி நான் ஆறு மணிக்குத்தான் வெளிய வரணும். நீங்க உள்ள வாங்க அத்தை. அவ கத்தினா நான் பாத்துக்கறேன்."

அத்தைக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இறங்கிவிட்டார்.

அன்றிலிருந்து நான் எப்போது உப்பிலியபுரம் போனாலும் அத்தை வாசலில் கையை நீட்டி மறிப்பார். "நில்லும்மா. உள்ள வர எத்தனை மணி போட்டிருக்க?" நான் கத்துவேன். அவரும் கத்துவார். பிறகுதான் காபி.

போன மாதம் போயிருந்தேன். அத்தைக்கு இப்போது ஞாபகம் தப்புகிறது. கவிதாவையே யாரென்று கேட்கிறார். என் பெயரும் வரவில்லை. ஆனால் என்னைப் பார்த்ததும் கை தானாக நீண்டது.

"நில்லும்மா" என்றார்.

கத்தவில்லை. நின்றேன்.