போக ஒன்று, நிற்க ஒன்று

எங்கள் மரக்காணம் பக்கத்தில் ஓர் இனம் உண்டு. வயிற்றுக்கு டைம்டேபிள் போடும் இனம். சுருக்குப் பையில் மூன்று மருந்து இருக்கும். போக ஒன்று, நிற்க ஒன்று, இரண்டும் சண்டை போட்டால் எழும் எரிச்சலுக்கு ஒன்று.

எதற்கு இந்த ஏற்பாடு என்கிறீர்களா? உப்பளத்துக்கு வந்து பாருங்கள். கண்ணுக்கெட்டிய தூரம் பாத்தி. ஒதுங்க ஒரு புதர் கிடையாது. ஆகவே பெண்கள் தண்ணீர் குடிக்க மாட்டார்கள்; குடிக்காததால் மலம் இறுகும்; இறுகியதால் ராத்திரி பேதி மாத்திரை; அது பாத்தியில் வைத்து வேலையைக் காட்டிவிடுமோ என்று விடிந்ததும் நிறுத்தும் மாத்திரை; நெஞ்சு எரிந்தால் பாட்டில் மருந்து இரண்டு மடக்கு. பக்காவான திட்டம். வயிற்றைத் தவிர எல்லோருக்கும் சம்மதம்.

என் அம்மா லூர்துமேரி இந்த இனத்தின் தலைவி. சனிக்கிழமைதோறும் வாங்கித் தந்தவன் நான். பம்ப் மெக்கானிக். மோட்டாரை ஓடவிட்டு வால்வை மூடினால் பைப் என்னாகும் என்று தெரிந்தவன்.

ஒருமுறை உப்பள வேனிலிருந்து இறங்கி அம்மாவே வாங்கப் போனபோது, கூனிமேடு மெடிக்கல் ஷாப் நூர் முஹம்மது அவளைப் பிடித்துக்கொண்டார்.

"வேற எதுனா மாத்திரை சாப்புடுறீங்களாம்மா?"

"ஒண்ணும் இல்லப்பா. இது வயித்துக்குத்தான."

"அதான் கேக்குறேன். போறதையும் நிறுத்துறதையும் சேத்துப் போடாதீங்க. எரிச்சல் மருந்து குடிச்சா ஒரு மணி நேரம் விடுங்க. இல்லன்னா மாத்திரையோட மேல்பூச்சு முன்னாடியே கரைஞ்சி, வயித்த முறுக்கி எடுத்துடும்."

"பெரிய டாக்டரு. குடுப்பா, வேன் நிக்குது."

பிரஷருக்குப் போட்டால்தான் அது மருந்து. வயிற்றுக்குப் போடுவது பழக்கம். இந்த இனத்தின் நம்பிக்கை அது.

சித்திரை வெயிலில், நாலு நாள் பேதிக்குப் பிறகு, அம்மா பாத்தியிலேயே சாய்ந்தாள். வேறு மருந்து ஏதாவது எடுக்கிறாரா என்று ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைக் கேட்டார்.

"ஒண்ணும் இல்ல டாக்டர்."

பொய் சொல்லவில்லை. நிஜமாகவே ஞாபகம் வரவில்லை. மறுநாள், நாலு நாள் பேதிக்கு மட்டும், இதயத்தை ஓடவைக்கும் பொட்டாசியம் ரத்தத்தில் இவ்வளவு குறையாதே என்று அவர் மறுபடி கேட்டபோதுதான் வந்தது. வீட்டுக்கு ஓடி மூன்றையும் எடுத்து வந்தேன். அதற்குள் அம்மா போய்விட்டாள்.

நீங்கள் உப்பளத்துக்குப் போகிறவர் இல்லை. படித்தவர். மாத்திரையின் பெயரைத் தப்பில்லாமல் வாசிப்பவர். சந்தோஷம். காலையில் கேஸுக்கு ஒன்று, படுக்கும்முன் ஒரு ஸ்பூன் பவுடர், கல்யாண விருந்துக்குப் போனால் வந்ததும் ஒன்று. இதையெல்லாம் போனமுறை உங்கள் டாக்டரிடம் சொன்னீர்களா?