அஞ்சு படத்துக்கும் ஒரே வில்லன்

"வில்லனுக்கு நம்ம ஆபீஸரை விட்டா ஆள் கிடையாது" என்று சொல்லிவிட்டுத் திரும்பினான் சிவப்பிரகாசம். கதவருகே ஆபீஸர் பக்தவத்சலம் நின்றிருந்தார்.

அந்தமானில் மாயாபந்தர் என்ற ஊரில் அது ஒரு சின்ன சர்க்கார் அலுவலகம். மதியச் சாப்பாடு முடிந்ததும் அங்கே தினமும் நடிகர் தேர்வு நடக்கும். பறக்கும் ஹீரோ ஒருவனை வைத்துச் சென்னையில் ஐந்து பாகமாகப் படம் எடுக்கப்போகிறார்கள் என்று கப்பலில் வந்த பழைய பத்திரிகை ஒன்றில் படித்ததிலிருந்து, யாருக்கு எந்த வேடம் என்று முடிவு செய்வது இவர்கள் பொறுப்பாகிவிட்டது. முதலில் நிஜ நடிகர்களைத்தான் சொன்னார்கள். வங்காளி ஒருவரைச் சொன்னார், தெலுங்கர் இன்னொருவரைச் சொன்னார், மலையாளி டிபன் பாக்ஸை மூடிக்கொண்டு எழுந்து போனார். கடைசியில் டைப்பிஸ்ட் ஜெகநாதன் சமரசம் செய்தான். மெயின்லேண்ட் ஆள் ஒருவரும் வேண்டாம், எல்லா வேடமும் ஆபீசுக்குள்ளேயே. ஹீரோவாக அவன் தன்னையே போட்டுக்கொண்டதை யாரும் பெரிதுபடுத்தவில்லை.

சிவப்பிரகாசம் எதையும் காரணத்தோடு சொல்கிறவன். வில்லன் கத்தக் கூடாது, மேசைக்குப் பின்னால் சும்மா உட்கார்ந்திருக்க வேண்டும், எதிரே நிற்கிறவனுக்குக் கால் உதற வேண்டும் என்று அவன் விளக்கியதையும் ஆபீஸர் கேட்டிருப்பார். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

"அவ்வளவுதான் பாய். உன் கட்சால் மாற்றல் கதம்" என்றான் ஜெகநாதன்.

சிவப்பிரகாசம், நிக்கோபாரில் இருக்கும் கட்சாலுக்கு மாற்றல் கேட்டு அந்த வாரம்தான் மனுக் கொடுத்திருந்தான். மற்றவர்கள் டாக்டர் சர்டிபிகேட் வைத்துத் தப்பிக்கிற தீவு அது. கேட்டுப் போகிறவனுக்கு உடனே கையெழுத்தாகும் என்றார்கள். அவனுக்கு அங்கேதான் வீடு. ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டிய அப்பாவைச் சுனாமி கொண்டுபோன பிறகு, சர்க்கார் கட்டிக்கொடுத்த வீட்டில் அம்மா சொர்ணம்மா தனியாக இருந்தாள். கண் பார்வை மங்கிக்கொண்டு வந்தது. மாயாபந்தருக்குக் கூப்பிட்டால் வரமாட்டாள். சிலோனிலிருந்து மெட்ராஸுக்கு ஒரு கப்பல், மெட்ராஸிலிருந்து கட்சாலுக்கு ஒரு கப்பல், ஒரு பிறவிக்கு அது போதும் என்பாள்.

மறுநாள் ஆபீஸர் கூப்பிட்டனுப்பினார். அவனுடைய மனு அவர் முன்னால் இருந்தது.

"மொத்தம் எத்தனை படம்?"

"அஞ்சு சார்."

"அஞ்சுலயும் வில்லன் வரானா?"

"வரான் சார்."

"கடைசியில என்ன ஆவான்?"

"இன்னும் முடிவாகல சார்."

"முடிவானதும் வந்து சொல்லு" என்று மனுவை எடுத்து மேசை டிராயருக்குள் போட்டு மூடினார்.

வில்லனுக்கு என்ன கதியோ அதே கதிதான் மனுவுக்கும் என்று அவன் அர்த்தம் செய்துகொண்டான். மதியமே ஜெகநாதனை இறக்கிவிட்டு ஆபீஸரை ஹீரோ ஆக்கினான். போய்ச் சொன்னபோது அவர் குனிந்து தன் தொந்தியைப் பார்த்துக்கொண்டார்.

"பறக்கணுமா?"

"கொஞ்சம்தான் சார்."

"எனக்குக் கப்பல் ஏணியே ஆகாது" என்றவர் முகம் கறுத்துவிட்டது. டிராயரை அவர் திறக்கவில்லை. பதவி பறிபோன ஜெகநாதனோ சிவப்பிரகாசத்தின் எந்தக் காகிதத்தையும் இனி டைப் செய்வதில்லை என்று மெஷினுக்கு உறை போட்டுவிட்டான்.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்கானதை மறுபடி பிள்ளையாராக்கப் பார்த்தான் சிவப்பிரகாசம். பறக்காத, அடிக்காத, எல்லோரும் காலில் விழுகிற வேடம் ஒன்று இருந்தது. ஹீரோவுக்குச் சக்தி கொடுக்கும் வயதான விஞ்ஞானி. ஆபீஸர் முதலில் சம்மதமாகத் தலையை ஆட்டினார். பிறகு எத்தனை படத்தில் வருவார் என்று கேட்டார். பொய் சொல்ல அவனுக்கு வரவில்லை. முதல் படத்தில் இடைவேளைக்கு முன்பே செத்துவிடுவார் என்றான்.

சுனாமி அடித்த மறுநாள்கூட ஈர பைல்களை வெயிலில் காயப்போட்டுக்கொண்டிருந்த மனிதர், அன்று அரைநாள் லீவு எழுதிக்கொடுத்துவிட்டு வீட்டுக்குப் போய்விட்டார்.

சாயங்காலம் பக்கத்து வீட்டு போனிலிருந்து அம்மா பேசினாள். கட்டிலை ஒரு பக்கமாக நகர்த்தி, அவனுக்குப் பாய் விரிக்க இடம் ஒதுக்கியிருக்கிறாளாம். நகர்த்தும்போது எதிலோ முழங்காலை இடித்துக்கொண்டாளாம்.

"கப்பல் எப்ப ராசா? அடுப்பு எரியுதா அணைஞ்சிருச்சான்னு கைய வச்சுத்தான் பாக்குறேன். நீ வந்திட்டா அந்தத் தொல்லையில்ல."

போனை வைத்தவன் நேராக ஆபீஸர் வீட்டுக்கு நடந்தான். காலில் விழுவது என்று முடிவு செய்திருந்தான்.

கதவைத் திறந்தது அவர் மனைவி மங்கையர்க்கரசி. உள்ளறையில் யாரோ அடித்தொண்டையில் மெதுவாகச் சிரிப்பது கேட்டது. சிரிப்பு நின்றது, ஒரு கனைப்பு, மறுபடி முதலிலிருந்து அதே சிரிப்பு. தன்னைப் பார்த்துத்தான் சிரிக்கிறார் என்று அவனுக்குக் கண் நிறைந்துவிட்டது. வில்லன் என்று வாய் தவறிச் சொன்னதையும், மாற்றி மாற்றி வேடம் கொடுத்ததையும், அம்மாவின் கண்ணையும், முழங்காலையும் வாசலிலேயே ஒன்றுவிடாமல் சொல்லி முடித்தான்.

அந்த அம்மாள் உள்ளே ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

"அவருக்குக் கோபம்னு யாருப்பா சொன்னது? எங்க பசங்க மெயின்லேண்ட் போனதிலேருந்து இந்த வீட்டுல ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பேச்சே கிடையாது. நீ வில்லன்னு சொன்ன அன்னைக்குத்தான் மனுஷன் வாயத் திறந்தார். நீ அந்த வேஷத்தைப் புடுங்கின பிறகும் வில்லன் மாதிரி சிரிச்சுப் பழகறதை நிறுத்தல."

"அப்ப என் மனுவை ஏம்மா டிராயர்ல..."

"நீ கட்சாலுக்குக் கப்பல் ஏறிட்டா, வில்லன் கடைசியில என்ன ஆனான்னு சொல்ல ஆள் இல்லாமப் போயிடுமாம் தம்பி."