ஒரு காற்புள்ளி போடுங்க மாஸ்டர்

சனிக்கிழமை நாலு மணிக்குக் கல்லூரி விளையாட்டரங்கத்தின் வாசலில் இரண்டு வரிசைகள் நிற்கும். ஒன்று டிக்கெட்டுக்கு. அதில் பத்துப் பேர் இருந்தால் அதிகம். இன்னொன்று, கூடைப்பந்துக்கு ஆரூடம் சொல்லும் 'வளைய மாஸ்டரின்' மேஜைக்கு. அது சைக்கிள் நிறுத்துமிடத்தைத் தாண்டி, தண்ணீர்த் தொட்டியைச் சுற்றி, சாலையில் வரும் பேருந்துக்கு முறைத்துக்கொண்டே வழிவிட்டு, வளைந்து வளைந்து நிற்கும். ஆட்டம் எப்படி முடிகிறது என்று உள்ளே உட்கார்ந்து தெரிந்துகொள்ள ஒன்றரை மணி நேரம் ஆகும். மாஸ்டரிடம் ஒரு நிமிஷம். அவசர உலகம் அல்லவா?

மாஸ்டர் முன்பு இதே வாசலில் மூட்டுவலித் தைலம் விற்றவர். தைலம் வேலை செய்ததா இல்லையா என்பது தேய்த்தவனுக்கு மறுநாள் காலையிலேயே தெரிந்துவிடும். அந்தத் தொழில் படுத்ததற்கு அதுதான் காரணம். எதிர்காலத்துக்கு அந்தத் தொல்லை இல்லை என்று கண்டுபிடித்ததும், மனிதர் தைலப் புட்டிகளை மூட்டை கட்டிவிட்டு ஒட்டிய உறைகளை விற்க ஆரம்பித்தார். உறைக்குள் ஓர் அட்டை. அட்டையில் கொட்டை எழுத்தில் அன்றைய கூடைப்பந்து ஆட்டத்தின் முடிவு. ஆட்டம் முடியும்வரை அதைப் பிரிக்கக் கூடாது. முடிந்ததும் அவர் மேஜைக்கே கொண்டுவர வேண்டும். அவரே பிரித்து, அவரே படிப்பார். பலித்த அட்டை அவருடைய தகர டப்பாவுக்குத் திரும்பிவிட வேண்டும்; வீட்டுக்குக் கொண்டுபோனால் அணியின் ராசி கலைந்துவிடும்.

இந்த ஆட்டப் பருவம் முழுக்க ஒரு தடவைகூட அட்டை தப்பியதில்லை.

வரிசையில் எப்போதும் முதல் ஆளாக நிற்பவர் கண்ணாடிக்காரர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருப்பவர். அவர் வெறும் ரசிகர் இல்லை. அணியில் ஏழாம் எண் அவருடைய மகள். பருவத்தின் முதல் ஆட்டத்தன்று அவசரத்தில் இடது காலுறையை உட்புறம் வெளியே தெரிய மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். அன்று அணி ஜெயித்தது. அன்றிலிருந்து ஒவ்வொரு சனிக்கிழமையும் காலுறை அப்படித்தான். பெண்கள் மூச்சிரைக்க ஓடினார்கள், விழுந்தார்கள், முட்டியைச் சிராய்த்துக்கொண்டார்கள். பெயரைக் காலுறை வாங்கிக்கொண்டது.

அப்பேர்ப்பட்ட காலுறையும் கைவிட்ட நாள் ஒன்று வந்தது.

ஜெயித்தால்தான் அரையிறுதி என்ற லீக் ஆட்டம்; இல்லாவிட்டால் அதற்குப் பிறகு மிச்சம் ஒரே ஓர் ஆட்டம். ஒரே ஒரு புள்ளி பின்தங்கியிருந்தார்கள். நாலு விநாடி பாக்கி. ஏழாம் எண்ணுக்கு, யாரும் மறிக்காமல் வளையத்தில் போட இரண்டு ஃப்ரீ த்ரோ. அரங்கம் மூச்சைப் பிடித்துக்கொண்டது. முதல் பந்து வளையத்தின் விளிம்பில் பட்டு வெளியே போனது. இரண்டாவது பந்து விளிம்பைக்கூடச் சட்டை செய்யவில்லை.

கண்ணாடிக்காரர் தலையில் கை வைத்துக்கொண்டார். பக்கத்தில் அவர் மனைவி. பாடநூல் அச்சகத்தில் பிழைதிருத்துபவர். சனிக்கிழமைகளிலும் வேலை இருந்ததால் அந்தப் பருவத்தில் அன்றுதான் முதன்முதலாக மகளின் ஆட்டத்துக்கு வந்திருந்தாள். அவள் அவர் கையைப் பிடித்து உலுக்கினாள்.

"என்னங்க, அவளைக் கவனிச்சீங்களா? பந்தைப் போடறதுக்கு முன்னாடி அவ..."

"ஒண்ணும் பேசாதே! நானே செத்துப்போயிருக்கேன்!"

செத்துப்போனவர் நேராக மாஸ்டரின் மேஜைக்கு நடந்தார். மாஸ்டர் உறையைப் பிரித்து, கண்ணை மூடி, உதட்டைப் பிதுக்கி, இழுத்துப் படித்தார்.

"வெற்றியே இல்லை... தோல்வி."

கூட்டம் 'ஆ' என்றது. அவர்களுடைய அணி தோற்றது மறந்தே போயிற்று.

"அப்படியே சொல்லியிருக்காரே!" என்றார் கண்ணாடிக்காரருக்குப் பின்னால் நின்ற தையல்காரர். மூன்று ஆட்டங்களாகத் துவைக்காத சட்டையோடு வருபவர்; அவரும் ராசிக்காரர்தான், சற்றுத் தள்ளி நிற்க வேண்டிய ராசி. "ஆனா ஏன் மாஸ்டர்? நல்லாத்தானே போய்க்கிட்டிருந்தது?"

"புதுக் காலடி" என்றார் மாஸ்டர் கண்ணைத் திறக்காமலே. "இந்தப் பருவத்துல இதுவரைக்கும் வராத யாரோ இன்னைக்கு வந்து உட்கார்ந்திருக்காங்க."

எண்ணூறு பேர் உட்காரும் அரங்கத்தில் புதிதாக ஒருவராவது வராமல் இருப்பாரா என்று யாரும் கேட்கவில்லை.

"அண்ணே, அண்ணி வந்திருந்தாங்களே இன்னைக்கு!" என்றார் தையல்காரர், பெரிய உதவி செய்கிற குரலில்.

மாஸ்டர் பெருமூச்சு விட்டார். "நான் பேர் சொல்ல மாட்டேன். குடும்பத்துல குழப்பம் வரக் கூடாது. அடுத்த வாரம் கடைசி ஆட்டம், பார்த்துக்கோங்க."

கண்ணாடிக்காரர் பார்த்துக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை காலை, காபி ஆறுகிறவரை மென்று முழுங்கிவிட்டு, மனைவியிடம் சொன்னார்.

"ஏம்மா... அடுத்த சனிக்கிழமை நீ வரவேண்டாம்."

"ஏன்?"

"சும்மாதான். கூட்டமா இருக்கும்."

"அவ காலேஜ்ல ஆடப்போற கடைசி ஆட்டம்ங்க. மூணு வருஷத்துல நான் பார்த்தது மொத்தமே நாலு ஆட்டம்."

"அதான்... நீ வந்தா..." காபித் தம்ளரை நகர்த்தி வைத்தார். "மாஸ்டர் சொன்னார். உன் காலடி..."

அவள் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பார். கையில் இருந்த தட்டை மெதுவாகக் கீழே வைத்தாள். "இருபத்திரண்டு வருஷமா இந்தக் காலடியோடதானே குடித்தனம் பண்றீங்க? உங்க கடை மூடிடுச்சா?"

"கடை வேற, கூடைப்பந்து வேற."

"ஆமா. கடையில நீங்க கணக்கா அளந்து பார்ப்பீங்க."

அவர் எழுந்துபோய்ச் சட்டைப்பையிலிருந்து அட்டையை எடுத்து வந்தார். முதல் நாள் ஆத்திரத்தில் டப்பாவில் போடாமல் கசக்கிப் பைக்குள் திணித்திருந்தது. கூடவே கண்ணாடிக் கூட்டிலிருந்து இன்னொன்றையும் எடுத்தார். இருபது புள்ளி வித்தியாசத்தில் ஜெயித்த நாளின் அட்டை. ஞாபகத்துக்காக மாஸ்டருக்குத் தெரியாமல் சுட்டது.

"நீயே பாரு! ஒண்ணு ஜெயிச்ச அன்னிக்கு, ஒண்ணு தோத்த அன்னிக்கு. ரெண்டுமே பலிச்சிருக்கு!"

அவள் இரண்டையும் வாங்கிப் பார்த்தாள். கசங்கியதை மேஜைமேல் வைத்துக் கையால் நீவி நேராக்கினாள். சீட்டுப்போல இரண்டையும் ஒருமுறை கலைத்தாள்.

"இதுல எது ஜெயிச்ச அட்டை?"

கண்ணாடிக்காரர் வாங்கிப் பார்த்தார். ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். கண்ணாடியைக் கழற்றிப் பார்த்தார், மாட்டிப் பார்த்தார். இரண்டிலும் மூன்றே சொற்கள்: வெற்றியே இல்லை தோல்வி.

"அது... மாஸ்டர் படிச்சாத்தான் தெரியும்" என்றார்.

சொல்லி முடித்த பிறகு, தான் சொன்னது தன் காதிலேயே ஒரு மாதிரியாக விழுந்தது. ஆனாலும் மனிதர் விடுவாரா? பெரியவர்களின் வாக்கு எல்லோருக்கும் புரிந்துவிட்டால் அவர்கள் எப்படிப் பெரியவர்கள் என்று தனக்குத்தானே சமாதானம் சொல்லிக்கொண்டு கடைக்குப் போனார். அன்றும், அந்த வாரம் முழுவதும், வாடிக்கையாளர் இல்லாத நேரமெல்லாம் அந்த இரண்டு அட்டைகளையும் பூதக்கண்ணாடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தார். 

சனிக்கிழமை மனைவி கிளம்பி நின்றாள். "உள்ளே வரலை. வாசல்வரைக்கும் வரலாம்ல? வாசலுக்கும் ராசி உண்டா?"

இருவரும் சேர்ந்தே கிளம்பினார்கள்.

அன்று வரிசை முன் எப்போதும் இல்லாத நீளம். கடைசி ஆட்டம், எதிர்க் கல்லூரியின் ஆட்களும் பேருந்து பிடித்து வந்து உறை வாங்கிக்கொண்டிருந்தார்கள். கண்ணாடிக்காரரின் முறை வந்தது. அவர் கை நீட்டுவதற்குள் மனைவி நீட்டிவிட்டாள். உறையை வாங்கினாள். அங்கேயே கிழித்தாள்.

"ஐயோ, பிரிச்சிட்டாங்க!" என்று தையல்காரர் அலறினார், தன் சட்டையையே கிழித்துவிட்டதுபோல.

"என்னம்மா இது! பலன் போயிடுச்சே!" என்றார் மாஸ்டர்.

"போனா என் பலன்தானே போகுது. இதைக் கொஞ்சம் படிச்சுக் காட்டுங்க."

"ஆட்டம் முடியட்டும், படிக்கிறேன்."

"ஏன், இப்ப கண்ணு தெரியலையா? சொல்லுங்க, இவர்கிட்ட சொல்லி ஒரு கண்ணாடி போட்டுத் தரச் சொல்றேன்."

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். மாஸ்டர் சிரிக்கவில்லை.

"சரி, படிக்க வேண்டாம்" என்றாள் அவள். பையிலிருந்து சிவப்புப் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றி நீட்டினாள். "ஒரே ஒரு காற்புள்ளி போடுங்க மாஸ்டர். போதும். 'வெற்றியே'வுக்குப் பின்னாடி போடறீங்களா, 'இல்லை'க்குப் பின்னாடி போடறீங்களா? உங்க இஷ்டம்."

மாஸ்டர் அந்தப் பேனாவைப் பார்த்தார். அது கடிக்குமோ என்பதுபோலக் கையை இழுத்துக்கொண்டார்.

"அருள்வாக்குல கமா போடறதா? பலிக்காதும்மா!"

"அருள் வந்தப்ப கமா மட்டும் வீட்டுலயே தங்கிடுச்சா?"

இப்போது வரிசையே சிரித்தது. அவள் அட்டையைத் தூக்கிப் பிடித்து, பள்ளிக்கூடத்துப் பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல நிறுத்தி நிறுத்திப் படித்தாள். "வெற்றியே! இல்லை தோல்வி! இது ஜெயிச்சா. வெற்றியே இல்லை. தோல்வி! இது தோத்தா. அச்சகத்துல இப்படி ஒரு வரி வந்தா நான் ஓரத்துல ஒரு கேள்விக்குறி போட்டுத் திருப்பி அனுப்புவேன். நீங்க எல்லாரும் காசு குடுத்து வாங்கறீங்க."

தையல்காரர் தன் உறையைப் பிரித்தார். அதே மூன்று சொற்கள். எதிர்க் கல்லூரிச் சட்டை போட்ட ஒருவர் தன்னுடையதைப் பிரித்தார். அதே.

"யோவ், எங்களுக்கும் இதேதான் எழுதியிருக்கு! அப்ப ரெண்டு பேரும் ஜெயிக்கப்போறோமா, ரெண்டு பேரும் தோக்கப்போறோமா?"

மாஸ்டர் நாலு பக்கமும் பார்த்தார். தன் மிக நம்பகமான பக்தரிடம் கண் நின்றது. "கண்ணாடிக்காரரே, நீங்க சொல்லுங்க! என் வாக்கு ஒரு தடவையாவது தப்பியிருக்கா?"

எல்லா முகங்களும் கண்ணாடிக்காரர் பக்கம் திரும்பின. அவர் மனைவி மட்டும் திரும்பவில்லை. கையில் இருந்த அட்டையையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டார். கண்ணாடிக் கூட்டைத் திறந்து இரண்டு அட்டைகளையும் மேஜைமேல் வைத்தார்.

"தப்பலை மாஸ்டர். ஒண்ணு ஜெயிச்ச அன்னிக்கு நான் திருடினது. ஒண்ணு தோத்த அன்னிக்குக் கசக்கினது. எது எதுன்னு ஒரு வாரமா பூதக்கண்ணாடி வச்சுப் பார்த்தேன், தெரியலை. தப்பறதுன்னா முதல்ல ஏதாவது ஒண்ணைச் சொல்லணும். நீங்க ஒண்ணுமே சொல்லலை." பிறகு கூட்டத்தைப் பார்த்தார். "ஊருக்கே பார்வை சரிபண்றவன் நான். இந்த வரிசையில முதல் ஆளா நின்ன மடையனும் நான்தான்."

அதோடு விட்டாரா? நடு வாசலில் குனிந்து, ஷூவைக் கழற்றி, இடது காலுறையை உருவி, சரியான பக்கம் திருப்பி மாட்டிக்கொண்டார்.

தகர டப்பா அதற்குள் மாஸ்டரின் அக்குளுக்குப் போயிருந்தது. "நான் எழுதினது எழுத்துக்கு எழுத்து சரி! தப்பாப் படிச்சது நீங்க!" என்று கத்திக்கொண்டே, தனக்காக நிற்காத பேருந்தில் ஓடி ஏறினார். இத்தனை நாளில் அவர் சொன்ன ஒரே உண்மை அதுதான்.

"மன்னிச்சுடும்மா" என்றார் கண்ணாடிக்காரர். "நான் அன்னிக்கு வந்து..."

"முற்றுப்புள்ளி" என்றாள் அவள். "மன்னிச்சுடுக்குப் பின்னாடி வேற எதுவும் வரக் கூடாது. வாங்க உள்ளே."

ஆட்டம் தொடங்கியது. காலுறை நேராக இருந்தது, மனைவி பக்கத்தில் இருந்தாள், மாஸ்டர் இல்லை. அணி தோற்றது. நாலு புள்ளியில். ஏழாம் எண் ஆறு ஃப்ரீ த்ரோவில் ஐந்தைத் தவறவிட்டாள்.

கண்ணாடிக்காரரின் கால்கள் பழக்க தோஷத்தில் வாசல் பக்கம் போகப் பரபரத்தன. ஏன் தோற்றோம் என்று யாரிடமாவது கேட்க வேண்டுமே!

"என்கிட்ட கேளுங்க" என்றாள் மனைவி. "போன வாரம் சொல்ல வந்தேன், வாயை மூடிட்டீங்க. பந்து போடறதுக்கு முன்னாடி அவ இடது கண்ணைச் சுருக்கறா. ஒவ்வொரு தடவையும்."

மகள் தலையைத் துவட்டிக்கொண்டே வந்தாள். கண்கள் சிவந்திருந்தன. கண்ணாடிக்காரர் பத்தடி தள்ளிப்போய் நின்று, வாசல் மேஜையிலிருந்து திரும்ப எடுத்துப் பையில் போட்டிருந்த கசங்கிய அட்டையைத் தூக்கிப் பிடித்தார்.

"குட்டி, இதைப் படி."

அவள் இடது கண்ணைச் சுருக்கினாள். "வெ... என்னப்பா அது? எழுத்துக்கெல்லாம் நிழல் விழுந்தமாதிரி இருக்கே."

"வளையம் எப்படித் தெரியும்?"

"ரெண்டு விளிம்பு தெரியும். எதையாவது ஒண்ணைப் பார்த்துப் போடுவேன். ஏன், எல்லாருக்கும் அப்படித்தானே?"

கண்ணாடிக்காரர் அங்கேயே படிக்கட்டில் முகத்தைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். ஊரில் பாதிப் பேரை நாற்காலியில் உட்காரவைத்து எழுத்துப் பலகை படிக்கச் சொன்னவர். பருவம் முழுக்க மகளுக்கு ராசி பார்த்தார், கண் பார்க்கவில்லை.

"அழாதீங்கப்பா. நான்தானே தோத்தேன்" என்றாள் மகள்.

"நீ தோக்கலைடி" என்றாள் அம்மா. "உங்கப்பா கடையில ஒரு வாடிக்கையாளர் கூடியிருக்கு, அவ்வளவுதான்."

இப்போது அந்தக் கடையில், எழுத்துப் பலகைக்குக் கீழே கசங்கிய அட்டை ஒன்று தொங்குகிறது. பலகையை முழுவதும் படித்து முடித்தவர்களிடம் கண்ணாடிக்காரர் அதையும் படிக்கச் சொல்வார். எந்த இடத்தில் நிறுத்துகிறார்கள் என்று கவனிப்பார். சற்றும் தயங்காமல் படித்துவிட்டு அடுத்தது என்ன என்று நிமிர்பவர்களிடம் இப்படிச் சொல்லி அனுப்புகிறார்:

"உங்க கண்ணுல கோளாறே இல்லை. எனக்கும் இருந்ததில்லை. கண்ணுக்குப் பின்னாடி இருக்கறதைக் கொஞ்சம் உபயோகப்படுத்துங்க. அதுக்கு என் கடையில கண்ணாடி கிடையாது."