வேணும்னே எடுத்த மங்கல் படம்

மூக்குக்கண்ணாடி போடுவதில்லை என்று சர்வேயர் விரதம் பூண்டிருந்தார். ஊரார் நிலத்தை அங்குலம் பிசகாமல் அளக்கிறவருக்கே கண் மங்கல் என்றால், அளந்த வேலிகள் எல்லாம் சிரிக்காதா? ஆகவே, விடுமுறை நாட்களில் அவர் எடுத்த படங்களில் மரம் புகையாகவும் மாடு மேகமாகவும் மாமனார் ஆவியாகவும் வந்தபோது, அதற்குக் கலை என்று பெயர் வைத்துவிட்டார்.

"என்னங்க, இதுல எங்கப்பா எங்க?"

"அதோ, வெள்ளையா இருக்கே."

"அது ஜன்னலு."

"கலையை அப்படி விரல் வெச்சுக் கேக்கக் கூடாதும்மா. மங்கலா எடுத்தா, மீதியைப் பாக்கறவன் மனசு வரைஞ்சுக்கும். லென்ஸ் மேல வாஸ்லின் தடவி எடுக்கறவங்கல்லாம் பைத்தியமா?"

"அவங்க தடவி மங்கலாக்கறாங்க. நீங்க தடவாமலே ஆக்கறீங்க! வேணும்னே பண்றவருக்குப் பளிச்சுன்னும் எடுக்கத் தெரியணும்ல? என்னை உக்கார வெச்சு ஒண்ணு எடுங்க. இமை முடி தெரிஞ்சா, கண் டாக்டர் பேச்சையே எடுக்க மாட்டேன்."

சர்வேயர் உள்ளுக்குள் சிரித்தார். கண்ணை நம்பினால்தானே வம்பு? டேப்பை நம்பலாமே!

கூடத்துச் சுவரை ஒட்டி நாற்காலி போட்டு மனைவியை உட்கார வைத்தார். கேமராவிலிருந்து அவள் மூக்கு நுனிவரை டேப் பிடித்தார். அளவு எதுவோ அதையே லென்ஸின் தூர வளையத்தில் திருகி வைத்தார். நிலம் நகராது என்பது அவர் தொழிலின் அடிப்படை. மனைவி நிலமல்ல. அவர் டேப்பைச் சுருட்டத் திரும்பியதும், அவள் நாற்காலியை ஒரு முழம் முன்னால் இழுத்து உட்கார்ந்து சிரித்தாள். அவர் கவனிக்கவில்லை, கவனிக்க முடிந்திருந்தால் இந்தக் கதையே இல்லை.

படம் வந்தது. பின்னால் சுவர் அற்புதமாக விழுந்திருந்தது: விரிசல், ஆணி, ஒட்டடையில் தொங்கிய ஈ. முன்னால் மனைவி பாலில் கரைந்த மாதிரி இருந்தாள். சிரிப்பு மட்டும் எங்கோ மிதந்தது.

"ஈயோட இமை கூடத் தெரியுது," என்றாள் அவள்.

சர்வேயர் ஒரு நிமிஷம் திகைத்தார். ஒரு நிமிஷம்தான். "இதுதான் நான் நினைச்சு எடுத்தது! கண்காட்சிக்கு அனுப்பறேன். எடுத்துக்கிட்டாங்கன்னா வேணும்னே பண்ணினதுன்னு ஒத்துக்கணும். தள்ளிட்டாங்கன்னா டாக்டர்கிட்ட வரேன்."

"சரிங்க," என்றாள் மனைவி. இவ்வளவு சுலபமாக அவள் எதற்கும் சம்மதித்தவளல்ல. அங்கேயே அவர் சுதாரித்திருக்க வேண்டும்.

எடுத்துக்கொண்டார்கள்! அதுவும் வாசலுக்கு நேர் எதிரே மாட்டினார்கள். திறப்பு நாளன்று சர்வேயர் படத்தின் கீழே மாப்பிள்ளை மாதிரி நின்றார். வெள்ளைச் சட்டைக்காரர் ஒருவர் நெருங்கிக் கைகுலுக்கினார். தேர்வுக்குழுத் தலைவராகத்தான் இருக்கவேண்டும் என்று ஊகித்து, மங்கலின் தத்துவத்தை அவருக்கு ஆதியோடந்தமாக விளக்கினார். கேட்டவரும் பொறுமையாகத் தலையாட்டினார்.

அப்போது மனைவி தன் அண்ணன், அப்பா, அம்மா சகிதம் வந்து சேர்ந்தாள். மைத்துனர் படத்தைப் பார்த்தார். சர்வேயரைப் பார்த்தார்.

"ஏன் மாப்பிள்ளை, என் தங்கச்சியை விட செவுரு ஒசத்தியாப் போச்சா?"

"அது வந்து மச்சான்..."

"சொல்லுங்க," என்றாள் மனைவி தேனாக. "என்னை வேணும்னேதான் மங்கலாக்கினீங்களா?"

மாமியார் முந்தானையைக் கண்ணருகே கொண்டுபோனார். வேணும்னே என்றால் மாமனார் வீட்டுப் படி இனி மிதிக்க முடியாது. இல்லை என்றால் விரதம் போயிற்று. சர்வேயர் ஈயைப் பார்த்தார். அது உதவவில்லை.

"இல்லம்மா," என்று முனகினார். "கண்ணு தெரியல."

"சத்தமா சொல்லுங்க."

"கண்ணு தெரியலம்மா!"

"படம் நிஜமாவே அழகா இருக்குங்க," என்றாள் அவள், கையைப் பிடித்துக்கொண்டு. "கண்ணாடி போட்டுக்கிட்டு, அடுத்ததை நிஜமாவே வேணும்னே மங்கலா எடுங்க. எத்தனை நேரம்னாலும் ஆடாம உக்கார்றேன்." பிறகு வெள்ளைச் சட்டைக்காரர் பக்கம் திரும்பினாள்.

"கேட்டுக்கிட்டீங்கல்ல, டாக்டர்?"

தேர்வுக்குழுத் தலைவர் பையிலிருந்து டார்ச்சை எடுத்தார்.