மாடி ரூமுக்குப் போட்ட மெத்தை

மார்க்கையன்கோட்டை,
வைகாசி 2

ஜெயமங்கலத்தில் இருக்கும் என் உடன்பிறந்த தம்பி தங்கப்பாண்டியனுக்கு, அக்கா பவுனு எழுதிக்கொள்வது. இங்கே என் இடது முட்டியைத் தவிர எல்லாரும் நல்ல சுகம். உன் சுகத்துக்கும் உன் மாடுகளின் சுகத்துக்கும் பதில் போடவும். போனில் கத்தினால் எனக்குத் தொண்டை போகிறது, உனக்கு ஒன்றும் கேட்பதில்லை, நடுவில் தெருவுக்குத்தான் எல்லாம் கேட்கிறது. அதனால்தான் இந்தக் கடிதம்.

முதலில் நல்ல சேதி. பேரன் இனியன் சிவில் இன்ஜினியர் முடித்துத் தேனியில் ஆபீஸ் போட்டுவிட்டான். பலகையில் அவன் பேர், ஓடுகிற பஸ்ஸில் இருந்தே வாசிக்கிற அளவுக்குப் பெரிசு. நான் ரெண்டு தடவை பஸ்ஸில் போய் வாசித்துவிட்டேன். சின்னவன் திலீபன் கணக்கில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. மீதி மூன்று மார்க்கு, திருத்தினவுகளுக்குக் கொடுக்க மனசு வரவில்லை. பேத்தி சினேகாவுக்கு வெளிநாட்டுக் கம்பெனியில் வேலை. வீட்டில் இருந்தே பார்க்கலாம். அவளுக்குக் கீழே ஒரு வெள்ளைக்காரன் வேலை பார்க்கிறான் தம்பி! அவனை அவள் திட்டியதை என் காதால் கேட்டேன். இங்கிலீஷில்தான் திட்டினாள், ஆனாலும் நம்ம வீட்டுத் திட்டு என்று தெரிந்தது.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். சினேகா கல்யாண மெத்தைக்கு என்று உன் தோட்டத்து இலவம்பஞ்சு ரெண்டு மூட்டை அனுப்பினாய். இந்தப் பக்கம் வருகிறவர்களிடம் எல்லாம் "மெத்தை தைச்சாச்சா"ன்னு கேட்டு விடுகிறாய். தைக்கவில்லை. பஞ்சு எங்கே போனது என்று சொல்கிறேன், கோபப்படாமல் வாசி.

மொட்டை மாடியில் வெங்காயமும் தேங்காயும் போட்டுவைத்திருந்தோமே ஒரு ரூம், அதைத்தான் சினேகா ஆபீஸ் ஆக்கிக்கொண்டாள். அங்கன வெயில் நேராகத் தலையில் இறங்கும். வெங்காயம் இருந்தவரைக்கும் ஒன்றும் தெரியவில்லை, வெங்காயத்துக்கு வாய் இல்லை. இவளுக்கு இருக்கிறது. பங்குனியிலேயே சொல்லிவிட்டாள்: "அப்பத்தா, சித்திரைக்குள்ள இந்த ரூம் குளுந்துச்சுன்னா இங்கனயே இருக்கேன். இல்லேன்னா பெங்களூரு ஆபீசுக்கே போயிருவேன்." எனக்குச் சோறு இறங்கவில்லை. படிப்பு படிப்பு என்று ஹாஸ்டலிலேயே வளர்ந்த பிள்ளை, இப்போதுதான் வீட்டில் இருக்கிறாள். மறுபடி பஸ் ஏற்றிவிட என்னால் ஆகாது. இனியனைப் பிடித்து, "ஏலே, ஊரான் வீட்டுக்கெல்லாம் பிளான் போடுறியே, நம்ம வீட்டுத் தளத்தைக் குளுர வை"ன்னேன்.

அவன் தளத்துக்கு மேலே வெள்ளை டைல்ஸ் ஒட்டினான். கீழே ஃபால்ஸ் சீலிங், நடுவில் ஒரு முழம் இடைவெளி. அந்த இடைவெளியில் வெள்ளித்தாள் ஒட்டின சீட்டு ஒன்றை விரிக்கப் போவதாகச் சொன்னான். சீலிங்கில் வட்ட வட்டமாக ஓட்டை போட்டு அதற்குள் லைட்டைப் புதைக்கிறார்கள். குச்சனூர் சனீஸ்வரன் கோயிலில் எள் விளக்கைக்கூட நாலு பேர் கண்ணில் படத்தான் ஏற்றுகிறோம், இவன் லைட்டைப் போய் ஒளித்து வைக்கிறானே என்று கேட்டதற்கு, அதுதான் அழகாம். சீட்டு எதுக்குடா என்றால், "வீட்டுக்கு மெத்தை போடுற மாதிரி அப்பத்தா, வெக்கை கீழ எறங்காது"ன்னான். தொட்டுப் பார்த்தேன். தோசை கனம்கூட இல்லை. இதுவா மெத்தை? மெத்தை என்றால் பஞ்சு வேண்டாமா? வீட்டில் ரெண்டு மூட்டை வைத்துக்கொண்டு தாளை விரிக்கிறவர்கள் உண்டா?

இனியன் தேனிக்குப் போயிருந்தான், வேலையாட்கள் சாப்பிடப் போயிருந்தார்கள். மருமகள் உமாதேவி, "அத்தை, வேணாம் அத்தை, அவன் வந்து ஆடுவான்"னு கெஞ்சினாள். "நீ ஏணியில ஏறு, ஆடுனா நான் பிடிச்சுக்கிறேன்"ன்னேன். என் முட்டி ஏறாது என்பதால் ஏறியது அவள், யோசனை மட்டும் என்னுது. சீலிங்கில் விட்டிருந்த சதுர வாசல் வழியாக ரெண்டு மூட்டையையும் கொட்டி, தொரட்டிக் கம்பால் நாலு மூலைக்கும் தள்ளிவிட்டோம். உறை தைக்க நேரமில்லை. மேலே யார் புரண்டு படுக்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டேன். சதுரத்தை மூடியாச்சு. ரெண்டு ஓட்டைக்கு மட்டும் லைட்டு வரவில்லை என்று பேப்பர் ஒட்டி வைத்திருந்தார்கள். அதை நான் கவனிக்கவில்லை தம்பி, தப்பு அந்த இடத்தில்தான்.

மறுநாள் சினேகாவுக்குக் கம்பெனிப் பெரியவர்களோடு கம்ப்யூட்டரில் மீட்டிங். நான் பட்டுச்சேலை கட்டிக்கொண்டு பின்னால் நாற்காலியில் உட்கார்ந்தேன், நம்ம பக்கத்துப் பலம் தெரியட்டும் என்று. வேர்க்கிறதே என்று அவள் ஃபேனை முழு வேகத்தில் வைத்தாள். ஒரு பேப்பர் பிய்ந்தது. அடுத்ததும் பிய்ந்தது. உன் தோட்டத்துப் பஞ்சு லேசுப்பட்டதா? கீழே விழவும் இல்லை, மேலே நிற்கவும் இல்லை, ரூம் பூராவும் மிதக்கிறது! சினேகா தலையில், லேப்டாப்பில், என் காப்பியில். அவள் தும்முகிறாள், பேசுகிறாள், தும்முகிறாள். அந்தப் பெரிய வெள்ளைக்காரர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு, இந்தியாவில் உங்கள் ஊரில் பனி பெய்யுமா என்று கேட்டாராம். இவள் என்ன சொன்னாளோ, அத்தனை பேரும் கை தட்டினார்கள். கை தட்டினவர்களைச் சும்மா விடலாமா? நானும் எழுந்து போய், "எல்லாரும் சாப்பிட்டீகளா"ன்னு கேட்டேன்.

அன்றைக்கே எலக்ட்ரீசியன் ஏசுதாசன் வந்தான். சதுரத்தைத் திறந்தானோ இல்லையோ, மிச்சப் பஞ்சு மொத்தமும் அவன் மேலே. தாடி, மீசை, புருவம் எல்லாம் வெள்ளை. கிறிஸ்துமஸ் தாத்தா ஏணியில் நிற்கிறார் என்று திலீபன் போட்டோ எடுத்தான். ஏசுதாசன் வாயில் இருந்ததைத் துப்பிவிட்டு, "ஆத்தா, லைட்டுக்குப் பின்னாடி காத்தாடணும். பஞ்சுக்குள்ள புதைச்சீகன்னா கார்த்திகைக்குச் சொக்கப்பனை தனியா கொளுத்த வேண்டாம், இந்த ரூமே போதும்"ன்னான். உமாதேவி என்னைப் பார்க்கிறாள், நான் ஏணியைப் பார்க்கிறேன். இனியன் வந்து ஆடத்தான் செய்தான். ஆடும்போதே சிரிப்பு வந்து உட்கார்ந்துவிட்டான். "மெத்தை போட்டாச்சு அப்பத்தா, வீட்டுக்குத் தலகாணி எப்ப?"ன்னு கேட்கிறான். பக்கத்து வீட்டுப் பாண்டீஸ்வரி மட்டும் சிரிக்கவில்லை. அவள் மாடியில் காயப்போட்ட கூழ்வடகம் பூராவும் பஞ்சு ஒட்டி, பொரித்தால் மீசையோடு வருகிறதாம்.

பிறகு இனியன் பஞ்சை அள்ளிவிட்டு, அந்த வெள்ளித்தாள் சீட்டையே விரித்தான். ஒவ்வொரு லைட்டையும் சுற்றிக் காற்றாட இடம் விட்டான். எனக்குப் பயந்து நாலு சுவருக்கும்கூட அதே சீட்டை அடித்து, மேலே பலகை வைத்து மூடிவிட்டான். உள்ளதைச் சொல்லணும் தம்பி, இப்போது அந்த ரூம் மேகமலை மாதிரி இருக்கிறது. உச்சி வெயிலில் சினேகா போர்வை கேட்கிறாள். பெங்களூரு போகவில்லை என்று அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள். ஆக, உன் பஞ்சு வீணாகவில்லை. அதைக் கொட்டியிருக்காவிட்டால் இவன் இவ்வளவு பயந்து வேலை பார்த்திருப்பானா? தேறிய பஞ்சில் ரெண்டு தலகாணி தைத்திருக்கிறேன்.

ஒரே ஒரு குறை. ஒரு லைட்டைச் சுவரைப் பார்க்கத் திருப்பி வைத்திருக்கிறான். படம் மாட்டினால் எடுப்பாக இருக்குமாம். சுவரில் படம் இல்லை, லைட்டு சும்மா எரிகிறது. உன் படம்தான் மாட்டணும் என்று சொல்லிவிட்டேன். வீட்டில் இருக்கும் போட்டோவில் நீ மீசையை எடுத்துவிட்டுத் திருடன் மாதிரி முழிக்கிறாய். புதிதாக ஒன்று எடுத்துத் தபாலில் அனுப்பு. படத்துக்கு மேலே லைட்டு எரிந்தால் பார்க்கிறவர்கள் வேறு மாதிரி நினைப்பார்கள் என்று பயப்படாதே. மாலை போட மாட்டேன், பொட்டும் வைக்க மாட்டேன். கேட்கிறவர்களிடம் என் தம்பி உயிரோடு ஜெயமங்கலத்தில் இருக்கிறான் என்று நானே சொல்லிக்கொள்கிறேன்.

நீயும் உன் தோட்டமும் மாடு கன்றுகளும் நோய் நொடி இல்லாமல் இருக்க அந்தச் சனீஸ்வரன் உன் பக்கம் திரும்பாமல் இருக்கட்டும்.

இப்படிக்கு,
உன் அக்கா பவுனு

பின்குறிப்பு: கவரை ஒட்டப் போகும்போது சினேகா லேப்டாப்பும் கையுமாகக் கீழே இறங்கி வந்துவிட்டாள். அந்த வெள்ளித்தாள் வெக்கையை மட்டும் தடுக்கவில்லையாம், போன் டவரையும் சேர்த்துத் தடுக்கிறதாம். கீழே இருக்கும் நெட்டுப் பெட்டியும் மேலே எட்டவில்லை. ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி எத்தனை நாள் வேலை பார்ப்பாள்? மேலே வயர் இழுத்தால் சரியாகிவிடும் என்றான் ஏசுதாசன். அவனுக்குக் கறிச்சோறு போட்டு, "அதுக்கு ஒன்னும் அவசரமில்லைய்யா, தீவாளி கழிச்சு மெதுவா வா"ன்னு அனுப்பிவிட்டேன். இப்போது ஹாலில் என் கட்டிலுக்குப் பக்கத்தில்தான் மேசை போட்டிருக்கிறாள். வேர்க்கிறது, ஆனால் போகிறேன் என்று சொல்லவில்லை. வெள்ளைக்காரனைத் திட்டுகிற நேரம் போக என்னோடுதான் பேசுகிறாள். மேலே ரூம் சும்மா குளுந்து கிடக்கிறது. நம்ம குடும்பத்தில் டவர் தேவைப்படாத ஆள் நீ ஒருத்தன்தான். அங்கன தனியாகப் பொங்கித் தின்றது போதும். போட்டோ அனுப்ப வேண்டாம், நீயே வந்து அந்த லைட்டுக்குக் கீழே உட்கார். தலகாணி ரெடி. மெத்தைக்குத்தான் பஞ்சு இல்லை, வரும்போது ரெண்டு மூட்டை எடுத்துக்கொண்டு வா.