மகாலட்சுமியின் கழுத்தும் பொறு அண்ணனும்

திரையில் மகாலட்சுமியின் கழுத்து துண்டானதற்கு, வெள்ளிக்கிழமையும் அதுவுமாக நான் ஆட்டுக்கறியோடு நாசி கண்டார் சோறு பசியாறியதுதான் காரணம் என்று மனதார நம்பினேன்.

தொண்ணூறுகளின் தொடக்கம். பினாங்கு ஜார்ஜ் டவுனில் ஒரு நகைக்கடைத் திறப்புவிழா. வாசல் கண்ணாடிக்குள் வைத்த கம்ப்யூட்டர் திரையில் லட்சுமி நகர்ந்து வரும்படி புரோகிராம் எழுதியவன் நான். ஆபீஸில் சின்னப் படத்தோடு சோதித்தபோது ஒழுங்காக நகர்ந்தாள். கடையில் பெரிய படம் போட்டதும் உடம்பு முன்னே போனது, தலை கொஞ்சம் பின்னால் வந்தது.

கடை முதலாளி பார்த்துவிட்டார். "அம்மா கழுத்த வெட்டிட்டியேடா! பத்தரைக்கு நல்ல நேரம். அதுக்குள்ள சரியாகல, உன் பாஸுக்குப் போன் போடுவேன். வேலை காலி லா உனக்கு!"

நான் போன் போட்டது பொறு அண்ணனுக்கு. எங்கள் ஆபீஸ்காரர். பினாங்குத் தீவிலேயே அவசரம் என்றால் என்னவென்று தெரியாத ஒரே மனிதர். பச்சை விளக்கு விழுந்தாலும், "பொறு, நல்லா பச்சையாகட்டும்" என்பார். தாலி கட்டும் நேரத்தில் கெட்டிமேளத்தையே கையமர்த்தியவர் என்று ஆபீஸில் பேச்சு.

கூட்டமான பஸ்களை எல்லாம் போகவிட்டு, காலி பஸ்ஸில் உட்கார்ந்து வந்து சேர்ந்தார். அதற்குள் நான் வாயைக் கொப்பளித்து, மஞ்சள் தண்ணீர் தொட்டுத் திரையைத் துடைத்து, மூன்று கோயில்களுக்கு நேர்ந்துகொண்டிருந்தேன்.

"என்னடா, திரையைக் குளிப்பாட்டுறியா?"

"அம்மாவுக்குக் கோபம் அண்ணே!"

"பொறு. உள்ள ஒரு ஒளிப்புள்ளி மேலேருந்து கீழ வரி வரியா ஓடுது. சின்னப் படம் சட்டுனு மாறிடும், பெரிசுக்கு நேரம் ஆகும். புள்ளி கழுத்துகிட்ட வந்தப்போ நீ படத்த மாத்திட்ட. மேல பழைய படம், கீழ புதுப் படம்."

"அந்த வேகத்த யாரு பிடிக்கிறது?"

"திரைக்குப் படம் அனுப்புற வீடியோ கார்டையே கேளு லா, அதுக்குத் தெரியும். ஃபெர்ரி கரைக்கு வந்து அணையறதுக்கு முன்னாடியே கார ஏத்துவியா?"

உட்கார்ந்து தட்டினார். அடுத்த படத்தை, கார்டின் நினைவகத்தில் கண்ணுக்குத் தெரியாத இன்னொரு பக்கத்தில் முழுசாக வரைய வைத்தார். பிறகு, நடுவில் வேறு எந்தப் புரோகிராமையும் விடாமல் நேராகக் கார்டிடமே "அடிக்குப் போயிட்டியா, போயிட்டியா" என்று புரோகிராம் ஓயாமல் கேட்டது. புள்ளி அடியில் முடித்து உச்சிக்குத் திரும்பும் அந்தத் துளி நேரத்தில் பக்கம் மாறியது. கண்ணிமைப்பதைவிடச் சின்ன இடைவெளி. பஸ்ஸைக்கூடப் பிடிக்காத மனிதர் அதைப் பிடித்தார், ஒவ்வொரு முறையும். எனக்குப் புல்லரித்தது.

வாசலில் நாதஸ்வரம் ஆரம்பித்தது. நான் கண்ணை இறுக மூடிக்கொண்டேன்.

"தொறடா. பாரு."

லட்சுமி முழுதாக நகர்ந்து போனாள். முதலாளி கன்னத்தில் போட்டுக்கொண்டார். பொறு அண்ணன் திரையைப் பார்க்கவில்லை. என் தோளில் கை வைத்தவர், என் பயம் தெளியும்வரை எடுக்கவில்லை.