கோளாறும் டம்மிக் கங்காணியும்

எங்கள் ரப்பர் தோட்டத்தில் கோளாறிடம் தோற்காத ஆள் கிடையாது. பெரிய துரை முதல் பங்களா நாய் வரை எல்லாரையும் ஒரே கேள்வியில் உட்கார வைத்தவன். அப்பா அம்மா வைத்த பெயர் ஒன்று இருந்தது. யாருக்கும் ஞாபகமில்லை. எதைக் கண்டாலும் அதில் கோளாறு தேடுவான். அதனால் கோளாறு.

கடைக்குப் போவான். “மைனஸ் ஒரு பணிஸ் குடுங்க.” கடைக்காரர் விழிப்பார். “அப்ப அரைத் தீப்பெட்டி?” கடைக்காரர் படிக்கல்லைத் தூக்குவார். நிறுக்க அல்ல.

கரவனெல்லையில் பஸ் ஏறி, கரவனெல்லைக்கே டிக்கட் கேட்டான். கண்டக்டர் கிழித்துக் கொடுத்தார். “ஹரி, பஹின்ட” என்றார். சரி, இறங்கு என்று. இறங்கி என்னிடம் ஓடி வந்தான். “குடுத்துட்டாருண்ணே! குடுக்கக் கூடாது!”

தோட்ட ஆபிஸில் லீவு படிவத்தில் வயது நானூறு என்று எழுதினான். லீவு கிடைத்தது. மறுநாள் ஆபிஸுக்குப் போய், எப்படிக் கொடுத்தீர்கள் என்று சண்டை பிடித்தான்.

நான் பெக்டரியில் புகையறை ஆள். பாலை உறைய வைத்து உருட்டி எடுத்த ஈர ரப்பர் சீட் என்னிடம் வரும். கம்பில் போட்டு விறகுப் புகையில் காய வைப்பேன். ஈரமாக எது வந்தாலும் கம்பில் போடு. இதுதான் என் வேலை. இதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு நாள் கோளாறு ஒரு பழைய லெப்டொப்போடு வந்தான். மாவனல்லையில் வாங்கியது. லயத்து வீட்டுத் தகரக் கூரைக்குக் கீழே அது சூடாகி அணைந்துவிடுகிறதாம். சீட் கழுவும் இடத்துச் சீமெந்துத் தரை எப்போதும் குளிர். பக்கத்தில் பிளக் இருந்தது. இடம் கொடுத்தேன்.

கங்காணி பார்த்துவிட்டார். “என்னடா இது?”

“கெர்னல்னு ஒண்ணு இருக்குங்க ஐயா. கம்ப்யூட்டருக்குள்ள உள்ள கங்காணி. யாருக்கு எந்த மரம்னு பிரிச்சுக் குடுக்குறவரு. அவருகிட்ட கன்னாபின்னான்னு லெச்சக்கணக்குல கேள்வி கேப்பேன். எதுல மயங்கி விழுறாருன்னு பாப்பேன்.”

“கங்காணியையாடா விழ வெக்கப் போற?”

“நெசக் கங்காணி விழுந்தா தோட்டமே நின்னுடுமில்லீங்களா. அதனால லெப்டொப்புக்குள்ள ஒரு டம்மித் தோட்டம். வி.எம்.னு பேரு. அதுல ஒரு டம்மிக் கங்காணி. விழுந்தா எழுப்பி வெச்சு மறுபடி கேக்கலாம்.”

“விழுந்து என்ன பிரயோசனம்?”

“எங்க விழுறாருன்னு தெரிஞ்சா அங்க முட்டுக் குடுக்கலாம். இல்லாட்டி கள்ளன் அந்த வழியாத்தான் வருவான்.”

கங்காணி யோசித்தார். “காலையில பேர் கூப்பிட்டு வேலை பிரிக்கிற பெரட்டு முடிஞ்ச ஒடனே கேளு. அப்பதான் களைச்சிருப்பாரு.”

விஷயம் இதுதான். கொழும்பில் ஒரு கம்ப்யூட்டர் கம்பனி. கோளாறிடம் பட்டப் படிப்பு இல்லை. சேர்டிபிகேட் இல்லை. போனில் அழுது வேலை கேட்டிருக்கிறான். அவர்கள் சொன்னார்கள், “யாரும் பாக்காத ஒரு விழுகையக் கண்டுபிடி. அதையே திரும்ப விழ வெச்சும் காட்டு. வெள்ளிக்கிழமைக்குள்ள.” இல்லாவிட்டால் மறுபடி ரப்பர் மரமும் பால்வாளியும் கத்தியும்தான்.

கெர்னலைப் புதிதாகக் கட்டினான். உள்ளே தப்பு நடந்தால் கத்துவதற்கு ஒரு காவல்காரனையும் சேர்த்துக் கட்டினான். காலைப் பெரட்டுக்கு ஆரம்பித்தது, மத்தியானம் பால் நிறுக்கும்போதும் முடியவில்லை. பிறகு டம்மித் தோட்டம் ஆமையாக நகர்ந்தது. மூன்று நாள் தலையில் அடித்துக்கொண்டான். கடைசியில் பார்த்தால், லெப்டொப்பைப் போட்டதும் வரும் நீலப் பக்கத்தில் வி.எம்.முக்கான ஒரு சுவிட்ச் மூடிக் கிடந்தது. திறந்தான். பறந்தது. டம்மிக் கங்காணிக்கு நொடிக்கு எத்தனையோ கேள்வி.

பெக்டரியே சூடு பிடித்துவிட்டது. வருகிறவர் போகிறவரெல்லாம் கேட்டார்கள். “விழுந்தாரா?”

“இல்லீங்க. நிக்கிறாரு.”

வியாழக்கிழமை பெருமழை. கோளாறு சாப்பிடப் போயிருந்தான். கூரை ஒழுகி லெப்டொப் மேல் கொட்டியது. தூக்கினேன். சொட்டியது. யோசிக்கவில்லை. பிளக்கைக் கழற்றி, புகையறைக்குள் கொண்டுபோய், கூரை மாதிரி விரித்து, சீட்டுகளுக்கு நடுவே கம்பில் போட்டேன். கதவைச் சாத்தினேன்.

வந்தான். “அண்ணே, லெப்டொப் எங்க?”

“காயுது.”

“எங்க காயுது?”

கதவைக் காட்டினேன். அவன் போட்ட சத்தத்தில் பால் நிறுத்துக்கொண்டிருந்த கங்காணியும் ஓடி வந்தார்.

எடுத்தோம். கருவாடு மாதிரி மணத்தது. ஆனால் தொங்கியது கொஞ்ச நேரம்தான், அணையவில்லை; பெட்டரியில் திரை வெளிச்சமாக இருந்தது. நடுவில் சிவப்பில் ஒரு வரி.

“விழுந்துட்டாரு!” என்று குதித்தான் கோளாறு. அடுத்த நொடி முகம் செத்தது. “அண்ணே, கேள்வியில விழுந்தாரா, பொகையில விழுந்தாரா?”

என் புகையில் எதுவும் விழும்.

லெப்டொப்பைத் தரையில் ஆற வைத்தோம். விழுவதற்கு முன் கேட்ட கேள்விகளை மட்டும் பொறுக்கி எடுத்தான். புதிதாக ஒரு டம்மித் தோட்டம். கேட்டான். நின்றார். மறுபடி கேட்டான். நின்றார். கங்காணி என் தோளைப் பிடித்து நசுக்கினார். மூன்றாவது தடவை திரை நின்றது. அதே சிவப்பு. அதே வரி. இன்னொரு தடவை. அதே வரி.

“கங்காணி விழுந்துட்டாரு! கங்காணி விழுந்துட்டாரு!” பெக்டரியே கத்தியது. அதிகமாகக் கத்தியவர் கங்காணி.

அன்றைக்கே கம்பனிக்கு அனுப்பினான். வெள்ளிக்கிழமை போன் வந்தது. திங்கட்கிழமை கொழும்புக்கு வேலைக்குப் போய்விட்டான். அங்கே குளிர் அறையில் லெப்டொப்பைத் திறந்ததும் பக்கத்து ஆட்கள் தும்மினார்களாம்.

ஞாயிறு தோறும் போன் எடுப்பான். “அண்ணே, மைனஸ் ரெண்டு சீட்ட எப்பிடிக் காய வெப்பீங்க?” நான் கட் பண்ணிவிடுவேன்.

போன ஞாயிறு வரவில்லை. சாயந்தரம் வரை பார்த்தேன். நானே எடுத்தேன்.

“டேய், கொழும்புல அரைத் தீப்பெட்டி எங்க கெடைக்கும்?”



“அண்ணே,” என்றான். “ஒங்க ஒரே கேள்வியில விழுந்துட்டேண்ணே.”

குரல் ஈரமாக இருந்தது. ஈரமாக எது வந்தாலும் காய வைப்பேன். கொழும்புதான் தூரம்.